ப்ராட்ல (Praat, குரல அளக்குற கம்ப்யூட்டர் சாஃப்ட்வேர்) பாப்பா அழுகைய அளந்து பாத்தவங்க இருக்கீங்களா? என் அனுபவம்

நான் ஸ்பீச் தெரபி படிக்கிறேன். ப்ராஜெக்டுக்காக, பெத்தவங்க சம்மதத்தோட, பிறந்து சில நாளே ஆன குழந்தைங்க அழுகைய ரெக்கார்ட் பண்ணி ப்ராட்ல போட்டுப் பாத்தோம். ஆம்ஸ்டர்டாம் யுனிவர்சிட்டில பால் பூர்ஸ்மாவும் டேவிட் வேனிங்கும் உருவாக்கினது, இலவசம்தான்.

முதல்ல பிட்ச் (குரலோட உயரம்) செட்டிங்க மாத்துங்க. அது பெரியவங்க பேச்சுக்கு ஏத்த மாதிரி வரும், பாப்பா அழுகை சாதாரணமாவே 400, 500 ஹெர்ட்ஸ்ல ஓடும், வீல்னு கத்துனா 1000த்த தாண்டிரும், சீலிங்க (மேல் எல்லைய) ஏத்தலேன்னா பிட்ச காட்டுற நீலக் கோடு அறுந்துரும் இல்ல பாதிக்கு இறங்கிரும். ஆனா கோடு இறங்குற எல்லா இடமும் சாஃப்ட்வேர் கோளாறு இல்லீங்க. குரல் கரகரன்னு ஆகுற எடத்த ஜூம் பண்ணா, சத்தத்த படமா காட்டுற ஸ்பெக்ட்ரோகிராம்ல கருப்புப் பட்டைங்களுக்கு நடுவுல மெல்லிசா இன்னொரு பட்டை முளைச்சிருக்கும், அது சப்ஹார்மோனிக் (குரலோட அடிப்படை அதிர்வுக்குக் கீழ வர்ற துணை அதிர்வு), நிஜமாவே குரல்நாண்ல நடக்குறது. தயவுசெஞ்சு அத அழிச்சிராதீங்க. அடுத்த அழுகைக்கு மூச்ச இழுக்குற சத்தம்கூட தனியா தெரியும், அவ்ளோ அழகு!

2009ல ஜெர்மன் ஆராய்ச்சியாளர் காத்லீன் வெர்ம்கே குழு பிரெஞ்சு குழந்தைங்க 30, ஜெர்மன் குழந்தைங்க 30 வச்சுப் பாத்தப்ப பிரெஞ்சு பாப்பா அழுகை மேல ஏறுற மாதிரியும் ஜெர்மன் பாப்பாவோடது இறங்குற மாதிரியும் இருந்துச்சு. வயித்துல இருக்கப்பவே அம்மா பேசுற ராகம் காதுல விழுந்திருக்குன்றாங்க. பசியா தூக்கமான்னு சொல்ற ஆப்ப மட்டும் நம்பாதீங்க, அழுகை எவ்ளோ தீவிரம்னுதான் ஓரளவு தெரியும், காரணம் தெரியாது.

பதில்: அக்கா, நான் பச்சக்குழந்தைங்க ஐசியூல நர்ஸ். ஒரு பாப்பா பூனைக்குட்டி மாதிரியே அழுதுச்சு, தலையும் சின்னதா இருந்துச்சு, டாக்டர் அந்த அழுகைய கேட்டதுமே குரோமோசோம் டெஸ்டுக்கு அனுப்பிட்டாரு, 5வது குரோமோசோம்ல ஒரு துண்டு இல்ல. பிரெஞ்சு டாக்டர் லெஜூன் 1963லயே சொன்ன 'க்ரி டு ஷா' (பூனை அழுகை) நோய்னு அப்பதான் தெரிஞ்சது. எங்க வார்டுல ரெக்கார்ட் பண்ணா மானிட்டர் பீப்பும் சேந்து வருமே, என்ன பண்ணுவீங்க?

பதில்: படத்துல பீப் நேர்கோடா படுத்திருக்கும்மா, அழுகை வளைஞ்சு ஏறி இறங்கும், கண்ணாலயே பிரிச்சிரலாம். ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு விழுற அழுகைய மட்டும் கணக்குல சேக்காத, மைக்க வாய்க்கு நேரா ஒரே தூரத்துல வை.