வன்முறை இழைத்தவரை நாம் என்னவாகப் பார்க்கிறோம்? மருத்துவ, சமூகப் பணியில் இருப்பவர்களுக்கு ஒரு கேள்வி

புதுப்பணியாளர் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். மருத்துவமனை ஒன்றின் சமூகப் பணிப் பிரிவில் அண்மையில் சேர்ந்திருக்கிறேன். பாலின அடிப்படையிலான வன்முறைக்கு ஆளான பெண்ணிடம் எப்படிப் பேச வேண்டும், எந்தக் கேள்வியை எப்போது கேட்க வேண்டும், எதைக் கேட்கவே கூடாது என்பதெல்லாம் படிப்பிலும் பயிற்சியிலும் விரிவாகச் சொல்லித்தரப்பட்டன. அந்த வன்முறையை இழைத்தவரைப் பற்றி ஏறக்குறைய எதுவும் கற்பிக்கப்படவில்லை. ஆனால் அவர் வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். மருந்துச் சீட்டை வாங்கிக்கொள்கிறார். ‘எப்போது வீட்டுக்கு அனுப்புவீர்கள்?’ என்று எங்களிடமே வந்து கேட்கிறார்.

எந்தக் குடும்பத்தையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை. பல கலந்தாய்வுக் கூட்டங்களில் கேட்டவற்றைச் சேர்த்தே சொல்கிறேன். மனநலப் பிரிவினர் இத்தகைய ஆணை நோயாளியாகப் பார்க்கிறார்கள். காயத்துக்குக் கட்டுப்போடும் செவிலியர்களுக்கு அவர் ஒரு மிருகம். குடும்ப ஆலோசகர் ‘இருவருக்கும் இடையே பேச்சே சரியாக இல்லை’ என்கிறார். குழந்தைகள் நலப் பணியாளரோ ‘குடித்தால்தான் இப்படி, மற்றபடி பிள்ளைகள் மேல் உயிரையே வைத்திருக்கிறார்’ என்று முடிக்கிறார். இவற்றில் எது சரி என்பதைவிட, இந்தப் பார்வைகள் நம் வேலையை எப்படி மாற்றுகின்றன என்பதையே அறிய விரும்புகிறேன். இன்னொன்றும் என்னை உறுத்துகிறது: அவரிடம் நான் மரியாதையாகப் பேசினால் அது அந்தப் பெண்ணுக்குச் செய்யும் துரோகம் ஆகாதா?

இரவுப்பணிச் செவிலியர்:

நீங்கள் சொன்ன ‘மிருகம்’ என்ற பார்வை எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவில்தான் அதிகம். காயத்தைக் கையால் தொடுகிறவர்களுக்கு அந்தக் கோபம் வராமல் இருந்தால்தான் வியப்பு. ஆனால் கோபம் வேறு, கணிப்பு வேறு. மிருகத்தை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும் நாம், மனிதர் வந்தால் அடையாளம் காண்பதில்லை. கண் சிவந்து, தள்ளாடி, கத்திக்கொண்டு வருபவரைத்தான் மனம் தேடுகிறது. வருபவரோ பெரும்பாலும் சலவைச் சட்டையோடு, மனைவியின் கைப்பையைத் தாம் பிடித்துக்கொண்டு, மிகப் பணிவாகப் பேசுகிறவராக இருப்பார். ‘எப்படி அடிபட்டது?’ என்று அந்தப் பெண்ணைக் கேட்டால், அவர் வாய் திறப்பதற்குள் ‘குளியலறையில் வழுக்கிவிட்டது, சிஸ்டர்’ என்று இவர் பதில் சொல்லிவிடுவார். எவ்வளவு அக்கறையான கணவர் என்று பணியில் இருக்கும் பாதிப் பேர் நெகிழ்ந்துபோவார்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உலகப் பெண்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவர் தம் வாழ்நாளில் இணையரின் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கோ, இணையர் அல்லாத ஒருவரின் பாலியல் வன்முறைக்கோ ஆளாகியிருக்கிறார். பாதிக்கப்பட்டவர்கள் இத்தனை பேர் என்றால் இழைப்பவர்கள் ஊருக்கு ஒதுக்குப்புறமாக வாழும் சில கொடியவர்களாக மட்டும் இருக்க முடியாது. நம்மோடு ஒரே பணிநேரத்தில் வேலை செய்கிறவர்களும் அந்தக் கணக்கில் இருப்பார்கள்.

இந்தப் பார்வைப் பிழை உயிருக்கே உலை வைக்கும் இடமும் உண்டு. கழுத்தை நெரித்தால் வெளியே தழும்பே இல்லாமல் போகலாம். குரல் கரகரப்பு, விழுங்குவதில் வலி, கண்ணின் வெண்பகுதியில் ஊசிமுனை அளவு இரத்தப் புள்ளிகள் ஆகியவைதான் தடயமாக இருக்கும். 2008இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, இணையரால் முன்பு கழுத்து நெரிக்கப்பட்ட பெண் பின்னர் அவராலேயே கொல்லப்படுவதற்கான வாய்ப்பு 7 மடங்குக்கு மேல் என்று காட்டியது. பணிவான கணவரைப் பார்த்து மயங்கிய செவிலியர் அந்தக் கண்ணை விளக்கடித்துப் பார்க்க மாட்டார். ஆகவே வெளியே இருப்பவர் எப்படித் தோன்றினாலும் அந்தப் பெண்ணைத் தனியே வைத்தே கேளுங்கள்.

மனநலப் பிரிவிலிருந்து:

எங்கள் பிரிவின் மேல் உள்ள குற்றச்சாட்டை முழுமையாக மறுக்க மாட்டேன். நோயாகப் பார்ப்பது எங்களுக்குப் பழகிய பாதை. நோய் என்றால் பெயர் வைக்கலாம், மருந்து எழுதலாம். ஆனால் ‘உந்துதலைக் கட்டுப்படுத்த இயலாதவர்’ என்று எழுதுவதற்கு முன் சில எளிய கேள்விகளைக் கேட்டுப் பார்க்க வேண்டும். அவர் தம் மேலதிகாரியை அடித்திருக்கிறாரா? கோபத்தில் உடைத்த பொருள்களில் அவருடையது ஏதேனும் இருந்ததா? அடி விழுந்த இடங்கள் ஆடையால் மறைபவையா? காவலர் கதவைத் தட்டியதும் அவர் அமைதியானாரா? கட்டுப்பாடே இல்லாத ஒருவரால் இத்தனை நுணுக்கமாக ஆளையும் இடத்தையும் பொருளையும் தேர்ந்தெடுக்க முடியாது.

ஆசிய பசிபிக் பகுதியின் 6 நாடுகளில் 10,000க்கும் மேற்பட்ட ஆண்களிடம் நடத்தி 2013இல் வெளியிடப்பட்ட ஐக்கிய நாடுகள் ஆய்வில், வன்புணர்வு செய்ததாக ஒப்புக்கொண்ட ஆண்கள் அதற்குச் சொன்ன காரணங்களில் முதலிடம் பெற்றது, பெண்ணின் சம்மதம் இல்லாவிட்டாலும் தமக்கு உரிமை உண்டு என்ற எண்ணமே. அந்த எண்ணத்துக்கு மாத்திரை கிடையாது.

அதற்காக நோயே இல்லை என்று சாதிப்பதும் தவறு. 1994இல் ஹோல்ட்ஸ்வொர்த்-மன்றோ, ஸ்டூவர்ட் என்ற இரு உளவியலாளர்கள் மனைவியைத் தாக்கும் ஆண்களை மூன்று வகைகளாகப் பிரித்தார்கள்: குடும்பத்துக்குள் மட்டும் வன்முறை காட்டுபவர்கள், உணர்ச்சி நிலையற்றும் கைவிடப்படும் அச்சத்தோடும் இருப்பவர்கள், எங்கும் எவரிடமும் வன்முறை காட்டும் சமூக விரோத இயல்பினர். இந்த வகைகள் ஒன்றோடொன்று கலந்தே வரும் என்றாலும், எல்லாரையும் ஒரே அச்சில் வார்க்க முடியாது என்பதை அவை நினைவூட்டுகின்றன. குடியும் அப்படித்தான். மதுச் சார்புக்குச் சிகிச்சை பெற்றுக் குடியை நிறுத்திய ஆண்களிடம் அடிதடி குறைவதை ஆய்வுகள் காட்டியுள்ளன; எனவே சிகிச்சை அவசியம். ஆனால் குடிக்காத நாளில் அந்த வீட்டில் பணம் யார் கையில், தொலைபேசியைச் சோதிப்பது யார், மனைவி தன் தாயைப் பார்க்க யாரிடம் அனுமதி கேட்கிறார் என்று விசாரித்தால், பாட்டிலுக்கு வெளியேயும் ஆட்சி நடப்பது தெரியவரும்.

இளமையில் வன்முறையைக் கண்டு வளர்ந்தவர் என்பதும் காரணத்தின் ஒரு பகுதியே. அப்படி வளர்ந்தவர்களில் பெரும்பாலோர் யாரையும் அடிப்பதில்லை.

தங்குமிடப் பணியாளர்:

எனக்கு இந்த உரையாடலிலேயே கொஞ்சம் சலிப்பு உண்டு; மன்னிக்கவும். தப்பித்து வந்த பெண்ணுக்கும் அவர் குழந்தைக்கும் படுக்கை இல்லை என்று நாங்கள் கையைப் பிசைந்துகொண்டிருக்கும்போது, அடித்தவரின் மனத்தைப் புரிந்துகொள்வதற்குக் கருத்தரங்கு நடக்கிறது. ஓர் ஆண் ‘நான் மாறுவதற்கான வகுப்புக்குப் போகிறேன்’ என்று சொன்னதாலேயே தங்குமிடத்தைவிட்டுத் திரும்பிப் போன பெண்களை எனக்குத் தெரியும். அந்த வகுப்பு எந்த அளவுக்குப் பலன் தருகிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. நம்பிக்கை கொடுக்கும் முன் அதன் விலையை யார் கொடுக்கப்போகிறார்கள் என்று யோசியுங்கள்.

குழு நடத்துநர்:

தங்குமிடத்திலிருந்து எழுதியவரின் அச்சம் நியாயமானது, அதிலிருந்தே தொடங்குகிறேன். வன்முறை இழைத்த ஆண்களுக்கான குழுக்களை நான் நடத்தி வருகிறேன். பலன் குறித்த உண்மை உற்சாகமூட்டக்கூடியதல்ல. பாப்காக் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2004இல் 22 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, கைதும் தண்டனையும் மட்டும் பெற்றவர்களைவிட, அவற்றோடு இத்தகைய பயிற்சியும் பெற்றவர்களிடம், மீண்டும் அடிக்காமல் இருப்பதில் கிடைத்த கூடுதல் பயன் 5 விழுக்காட்டை ஒட்டியே இருந்தது. பிரிட்டனில் 2015இல் முடிந்த ‘மிராபல்’ ஆய்வு கேள்வியையே மாற்றிக் கேட்டது. மீண்டும் அடித்தாரா என்பதோடு நிற்காமல், அந்தப் பெண்ணுக்கு வீட்டில் மூச்சுவிட இடம் கிடைத்ததா என்று பார்த்தது. பெண்களே சொன்ன கணக்கில் உடல், பாலியல் வன்முறை மிகவும் குறைந்திருந்தது; ஆனால் கட்டுப்படுத்துவதும் நச்சரிப்பதும் அந்த அளவுக்குக் குறையவில்லை. இரண்டையும் சேர்த்துப் படித்தால் எனக்குக் கிடைக்கும் முடிவு இதுதான்: சிலர் மாறுகிறார்கள், யார் மாறுவார் என்று முன்கூட்டிச் சொல்ல நம்மிடம் கருவி இல்லை, அதனால் வகுப்பில் சேர்ந்ததை மாற்றத்துக்கான சான்றாக எந்தப் பெண்ணிடமும் எந்த நீதிமன்றத்திடமும் காட்டக் கூடாது. பெண்கள் மீதான வன்முறையைத் தடுக்க ஐரோப்பிய அவை 2011இல் உருவாக்கிய இஸ்தான்புல் உடன்படிக்கையின் 16ஆம் பிரிவும், இத்தகைய பயிற்சிகளை நடத்தச் சொல்லும் அதே மூச்சில், பாதிக்கப்பட்டவரின் பாதுகாப்பே முதன்மை என்று கட்டளையிடுகிறது. இணையரோடு தனியாகத் தொடர்பில் இருக்கும் ஒரு பணியாளர் இல்லாத குழுவை நடத்தவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இனி மரியாதை பற்றிய கேள்வி. குழுவுக்குப் புதிதாக வருபவர் பேசும் முறையைக் கேட்டால் உங்களுக்கே புரியும். ‘கை பட்டுவிட்டது’ என்பார். ‘பெரிய காயமெல்லாம் இல்லை’ என்பார். ‘அவள் நாக்கு அப்படி’ என்பார். ‘நீங்கள் எல்லாரும் பெண்கள் பக்கம்’ என்பார். ‘குடும்ப மானத்துக்காகத்தான்’ என்று முடிப்பார். சைக்ஸ், மாட்சா என்ற இரு சமூகவியலாளர்கள் 1957இல் இளங்குற்றவாளிகளைப் பற்றி எழுதும்போது, தம் குற்றத்தைத் தாமே நியாயப்படுத்தும் ஐந்து உத்திகளைப் பட்டியலிட்டார்கள். அந்த ஐந்தையும் தேநீர் ஆறுவதற்குள் ஒரே ஆளின் வாயிலிருந்து கேட்கலாம்.

இத்தகைய பேச்சைக் கேட்கும் பணியாளர் இரண்டு வகையில் வழுக்கி விழுகிறார். ‘வேலை அழுத்தம் யாரையும் அப்படித்தான் ஆக்கும்’ என்று தலையசைத்தால், அவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் ‘ஆலோசகரே என் பக்கம்’ என்று மனைவியிடம் சொல்வார். மாறாக அவமானப்படுத்தினால், பாதிக்கப்பட்டவர் தாம்தான் என்ற அவருடைய கதைக்கு நாமே ஓர் அத்தியாயம் எழுதிக் கொடுக்கிறோம். அவர் எழுந்து போய்விடுவார், போகும் இடம் அதே வீடு. நான் செய்வது, செயலை நுணுக்கமாகக் கேட்பது. ‘கை பட்டது’ என்றால், எந்தக் கை, விரல் மடிந்திருந்ததா, உங்கள் மனைவி எங்கே நின்றிருந்தார், கதவு யார் பக்கம் இருந்தது, குழந்தை எங்கே இருந்தது, அடித்த பிறகு நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்பேன். குரலை உயர்த்த மாட்டேன்; ‘நீங்கள்’ என்றே பேசுவேன். கதவை மறித்து நின்றது தாம்தான் என்று அவர் தம் வாயாலேயே சொல்லும் நொடி வரும்போது, அறையில் இருக்கும் மற்ற ஆண்கள் தலையைக் குனிந்துகொள்வதைப் பார்த்திருக்கிறேன். முடிவெடுக்கத் தெரிந்த பெரிய மனிதராக அவரை நடத்துவதால்தான், அவர் எடுத்த முடிவுக்கு அவரையே பொறுப்பாக்க முடிகிறது. ஆக, என் கணக்கில் மரியாதை துரோகமில்லை, இணங்கிப்போவதுதான் துரோகம்.

இன்னொன்று: கட்டுப்பாடும் அச்சமும் நிலவும் உறவில் தம்பதியரை ஒன்றாக உட்காரவைத்து ஆலோசனை வழங்குவது ஆபத்தானது. அந்த அறையில் பெண் சொல்லும் ஒவ்வொரு சொல்லுக்கும் வீட்டில் கணக்குக் கேட்கப்படும்.

குழந்தைகள் நலப் பிரிவிலிருந்து:

‘உயிரையே வைத்திருக்கும் அப்பா’ என்று எழுதியது எங்கள் துறை என்பதால் பதில் சொல்கிறேன். பிரிட்டன் ஆய்வாளர் மரியான் ஹெஸ்டர் 2011இல் இதைத் துல்லியமாக விளக்கினார். வீட்டு வன்முறையைக் கையாளும் துறை, குழந்தைப் பாதுகாப்புத் துறை, பிரிந்த பின் குழந்தையைச் சந்திக்கும் உரிமையைத் தீர்மானிக்கும் நீதிமன்றம் மூன்றும் தனித்தனிக் கோள்கள் என்றார். முதல் கோளில் அந்த ஆண் குற்றவாளி. இரண்டாவதில் அவர் காணாமலே போகிறார். ‘குழந்தையைப் பாதுகாக்கத் தவறியவர்’ என்ற பழி தாயின் மேல் விழுகிறது. மூன்றாவதில் அவர் ‘போதுமான அளவு நல்ல தந்தை’ ஆகிவிடுகிறார். அவரை விட்டு விலகவில்லை என்று முந்தைய கோள் கண்டித்த அதே தாயை, குழந்தையை அவரிடம் காட்ட மறுக்கிறார் என்று இந்தக் கோள் கண்டிக்கிறது.

எங்கள் வருகைக் குறிப்புகளை எடுத்துப் பாருங்கள். தாய் சமைத்தாரா, வீடு சுத்தமாக இருந்ததா, சந்திப்புக்கு எத்தனை முறை வரவில்லை என்பதெல்லாம் பக்கம் பக்கமாக இருக்கும். தந்தையைப் பற்றி ‘வேலைக்குச் சென்றிருந்தார்’ என்ற ஒரே வரி. அடிப்பதைத் தந்தைமைக்கு வெளியே வைத்துப் பார்ப்பதால்தான் இது நடக்கிறது. குழந்தையின் தாயைக் குழந்தை இருக்கும் வீட்டில் தாக்குவது, அவர் தந்தையாக எடுத்த ஒரு முடிவு என்றே பதிவு செய்யப்பட வேண்டும்.

புதுப்பணியாளர்:

அனைவருக்கும் நன்றி. நாளைக்கே கைக்கு உதவும்படி ஒன்றைக் கேட்கிறேன். வெளியே பெஞ்சில் இருப்பவர் என்னிடம் வந்து, ‘அவள் உங்களிடம் என்ன சொன்னாள்?’ என்று கேட்டால் என்ன செய்வது? கோப்பில் அவரைப் பற்றி என்ன எழுதுவது?

குழு நடத்துநர்:

அந்தப் பெண் சொன்னதில் ஓர் எழுத்தைக்கூட அவரிடம் சொல்லாதீர்கள். அதை வைத்து அவரை மடக்கவும் முயலாதீர்கள். ‘சிகிச்சைக்கு வரும் எல்லாரிடமும் தனியாகப் பேசுவது எங்கள் வழக்கம், பேசியதை வெளியே சொல்வதில்லை’ என்று ஒரே குரலில், எத்தனை முறை கேட்டாலும் அதையே சொல்லுங்கள். அவர் தாமாக எதையாவது ஒப்புக்கொண்டால் கேட்டுக்கொள்ளுங்கள், பயிற்சி பெற்றவர்களிடம் அனுப்பிவையுங்கள், அன்றே உங்கள் மேற்பார்வையாளரிடம் தெரிவியுங்கள். அவர் கொலை மிரட்டல் விடுத்தால் இரகசியம் காக்கும் கடமை வேறு வடிவம் எடுக்கும். உங்கள் சட்டமும் நிறுவன விதியும் அதற்கு என்ன சொல்கின்றன என்பதை இப்போதே படித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கோப்பில் யார், யாரை, எதைக் கொண்டு, எங்கே என்று எழுதுங்கள். ‘குடும்பத் தகராறில் முகத்தில் காயம்’ என்பதில் ஆளே இல்லை. ‘கணவர் மூடிய கையால் இடது கன்னத்தில் இருமுறை அடித்ததாகவும், கதவை மறித்து நின்றதாகவும் நோயாளி கூறுகிறார்’ என்பதில் எல்லாரும் இருக்கிறார்கள். ‘மிருகத்தனமான’ போன்ற அடைமொழிகள் வேண்டாம். வழக்கு நடந்தால் எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு அவைதான் முதலில் கிடைக்கும். அந்தக் கோப்பு வெளியே இருப்பவர் கைக்கோ, அவர் பார்க்கக்கூடிய டிஸ்சார்ஜ் சீட்டுக்கோ போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் அந்தத் தாளை முதலில் பிரித்துப் படிப்பவர் அவராகத்தான் இருப்பார்.