விடுதலைக்குப் பின்னும் எம்ஐ5 உதவியை நாடியது முறையா?

அகிலன்:
1947 மார்ச்சில் பிரிட்டனின் உள்நாட்டு உளவு அமைப்பான எம்ஐ5இன் உயர் அதிகாரி கை லிடெல் டெல்லிக்கு வந்து, விடுதலைக்குப் பின்னும் தம் அமைப்பின் தொடர்பு அதிகாரி ஒருவர் அங்கே பணியாற்ற இசைவு பெற்றார். 1960களின் பிற்பகுதி வரை நீடித்த அந்த ஏற்பாட்டில் இரு தரப்பையும் பிணைத்தது கம்யூனிஸ்டுகள் மீதான ஐயமே. லண்டனில் இந்திய விடுதலைக்குக் குரல் கொடுத்தவர்களைக் கண்காணித்த அமைப்பிடமே, விடுதலை பெற்ற அரசு தன் குடிமக்களைப் பற்றித் துப்புக் கேட்டதை என்னால் ஏற்க முடியவில்லை.

செந்தில்நாதன்:
அன்றைய நெருக்கடியை ஒதுக்கிவிட்டு இதை எடைபோடக் கூடாது. ஆங்கிலேய அதிகாரிகள் வெளியேறினர். பிரிவினையில் ஆட்களும் பிரிந்தனர். சென்னை மாகாணக் காவல்துறையிலிருந்து சென்று மத்திய உளவுத்துறையின் முதல் இந்திய இயக்குநரான சஞ்சீவி அதைப் புதிதாகக் கட்டியெழுப்ப வேண்டியிருந்தது. 1948 பிப்ரவரியில் கல்கத்தா மாநாட்டில் ரணதிவே தலைமையில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி கிளர்ச்சிப் பாதையை ஏற்றது. தெலங்கானாவில் ஏற்கெனவே ஆயுதப் போராட்டம் நடந்தது. 1951இல் டாங்கே, அஜய் கோஷ் உள்ளிட்ட கட்சித் தலைவர்கள் நால்வர் இரகசியமாக மாஸ்கோ சென்று ஸ்டாலினையே சந்தித்தனர். எல்லை தாண்டிய இத்தகைய தொடர்புகளை, வெளிநாடுகளில் வேரூன்றாத ஓர் அமைப்பு தனியே எப்படி விசாரித்திருக்கும்?

அகிலன்:
அந்தச் சந்திப்பில் ஸ்டாலின், சீனாவின் ஆயுதப் புரட்சிப் பாதையை இந்தியாவில் அப்படியே பின்பற்ற முடியாது என்றுதான் எடுத்துரைத்தார். அவ்வாண்டு அக்டோபரில் தெலங்கானாப் போராட்டம் கைவிடப்பட்டது. முதல் பொதுத்தேர்தலில் கட்சி மக்களவையில் 16 இடங்களைப் பெற்றது. தேஷ்முக்குகள் எனப்பட்ட பெருநிலக்கிழார்களின் நிலக்குவிப்பும் கூலியில்லா வெட்டி வேலையும் மூட்டிய கலகம், அந்நியச் சதியைத் தேடியே பழகியவர்களுக்கு மாஸ்கோவின் கைவேலையாகவே தெரியும். இன்னும் கவலை தருவது கிருஷ்ண மேனன் விவகாரம். நேரு நம்பி லண்டனுக்கு அனுப்பிய உயர் ஆணையரையே, கம்யூனிஸ்டுகளோடு தொடர்புடையவர் என்று ஐயுற்று எம்ஐ5 கவனித்துவந்தது. உதவி கேட்டவரின் தூதரையே வேவு பார்ப்பவரோடு என்ன கூட்டுறவு?

மலர்விழி:
நாடாளுமன்றம் எங்கே என்று இருவருமே கேட்கவில்லை. மத்திய உளவுத்துறைக்கென்று இன்றுவரை தனிச் சட்டம் கிடையாது.

செந்தில்நாதன்:
மேனன் விவகாரம் கசப்பானதுதான், சட்டமும் தேவை. ஆனால் அது உதவியை வரம்புக்குள் வைக்கச் சொல்லும் காரணமே தவிர, உதவியையே மறுக்கும் காரணம் ஆகாது. பயிற்சியும் வெளிநாட்டுப் பயணத் தகவலும் மட்டும் பெற்றால் ஏற்பீர்களா?

அகிலன்:
பயிற்சியை ஏற்பேன். தனிமனிதர்களைப் பற்றிய தகவலை ஏற்க மாட்டேன். 1950இன் தடுப்புக்காவல் சட்டப்படி விசாரணையின்றியே ஒருவரைச் சிறையில் வைக்க முடிந்தது. பொதுநலனுக்கு எதிரானது என்று கருதும் விவரங்களைக் கைதிக்குச் சொல்லாமல் இருக்க அரசியலமைப்பின் 22(6) பிரிவும் இடமளிக்கிறது. அவ்வாறு மறைக்கப்படும் விவரம் இன்னொரு நாட்டிலிருந்து வந்திருந்தால், அது பொய் என்று நிறுவ அந்தக் கைதிக்கு எந்த வழியும் இல்லை.