புதுப்பிப்பு: முகாம் தீயில் பேனக் ரொட்டி, உள்ளே வேகாத சிக்கல் தீர்ந்தது

பதில் எழுதின எல்லாருக்கும் நன்றி. கனடாவின் அல்கோன்குயின் பூங்காவில் விறகுத் தீயில் பேனக் (ஈஸ்ட் சேர்க்காமல் பேக்கிங் பவுடர் போட்டுச் செய்யும் தட்டை ரொட்டி) பொரித்தால் வெளியே கருகி, உள்ளே பச்சை மாவாகவே நிற்கிறது என்று கேட்டிருந்தேன். கைகொடுத்தது, "கொழுந்து அடங்கித் தணலாகும்வரை பொறுங்கோ, ரொட்டி நடுவில ஓட்டை போடுங்கோ" என்ற யோசனைதான்.

வெள்ளைக் கோதுமை மா 2 கப், பேக்கிங் பவுடர் 3 தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, தண்ணீர் முக்கால் கப். பூரிக்குப்போல அடித்துக் குழைக்கக் கூடாது. மா ஒட்டிச் சேர்ந்தால் போதும். விரல் தடிப்பில் தட்டி, இரும்புத் தாச்சியில் அரை அங்குல எண்ணெயில் போட்டேன். பேக்கிங் பவுடரைக் கூட்டும் யோசனை சரிவரவில்லை, கசந்தது.

எதிர்பாராதது காற்று. ஒரு பக்கத் தணல் மட்டும் சீறியதால் தாச்சியைத் திருப்பிக்கொண்டே இருக்கவேண்டியதாயிற்று. தொட்டுக்கொள்ள மேப்பிள் பாகை விட, மிளகாயும் வெங்காயமும் இடித்துச் செய்யும் கட்டைச்சம்பல்தான் திறம்.