'எல்லா அண்ட் லூயி': 45 சுற்று மறுவெளியீட்டைக் கேட்டவர்களின் அனுபவம்

அமெரிக்க ஜாஸ் பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டும், பாடகரும் டிரம்பெட் கலைஞருமான லூயி ஆம்ஸ்ட்ராங்கும் இணைந்து பாடிய 'எல்லா அண்ட் லூயி' தொகுப்பை, அனலாக் புரொடக்ஷன்ஸ் நிறுவனம் நிமிடத்திற்கு 45 முறை சுழலும் இரட்டை இசைத்தட்டாக வெளியிட்டிருக்கிறது. அதே தொகுப்பை ஒற்றைத் தட்டில் பல ஆண்டுகளாகக் கேட்டு வருபவன் என்ற முறையில், நான் உணர்ந்த வேறுபாட்டை இங்கே பகிர்கிறேன்.

1956 ஆகஸ்ட் 16 அன்று ஹாலிவுட்டில் நார்மன் கிரான்ஸ் தயாரித்த இந்த ஒலிப்பதிவில், ஆஸ்கர் பீட்டர்சனின் பியானோ, ஹெர்ப் எல்லிஸின் கிதார், ரே பிரவுனின் பாஸ், பட்டி ரிச்சின் டிரம்ஸ் ஆகியவை மட்டுமே பக்கத்துணை. பாடல்கள் 11, மொத்த நேரம் ஏறக்குறைய 54 நிமிடம். ஒற்றைத் தட்டுக்கு இந்த நீளம் பெருஞ்சுமை என்றே சொல்வேன். நிமிடத்திற்கு 33⅓ சுற்று வேகத்தில், தட்டின் வெளிவிளிம்பில் முள்ளுக்கு அடியில் விநாடிக்குச் சுமார் 51 செ.மீ. நீளமான வரிப்பள்ளம் ஓடுகிறது. உள்முனையை நெருங்கும்போது அது 21 செ.மீ. அளவுக்குச் சுருங்கிவிடுவதால், உச்சஸ்தாயி ஒலிகள் அங்கேதான் முதலில் சிதைகின்றன. முதல் பக்கத்தின் கடைசிப் பாடலான 'டென்டர்லி' ஆம்ஸ்ட்ராங்கின் டிரம்பெட்டோடு தொடங்குவது. அந்தக் கருவியின் கூர்மைக்குத் தட்டிலேயே மிக மோசமான இடம் வாய்த்திருந்தது. 45 சுற்றில் வேகம் 35 சதவீதம் கூடுகிறது, ஒரு பக்கத்தில் இருக்கும் இசையும் பாதியாகக் குறைகிறது. இப்போது அந்த டிரம்பெட் எங்கும் கரகரக்காமல் முழு உருவத்தோடு எழுகிறது. ஆம்ஸ்ட்ராங்கின் குரலில் இருக்கும் இயற்கையான கரகரப்பு எது, தட்டு சேர்த்த கரகரப்பு எது என்பதை எனக்குப் பிரித்துக் காட்டியது இந்தப் பதிப்புதான். அந்த ஒன்றுக்காகவே கொடுத்த விலை தகும் என்று கருதுகிறேன்.

எங்கள் இசை மன்றத்தின் மற்றோர் உறுப்பினரின் பதில்:

ஐயா, தாங்கள் 'டென்டர்லி' பற்றிக் கூறியது முற்றிலும் உண்மை. அதனுடன் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். இது மோனோ ஒலிப்பதிவு, அதாவது இடம், வலம் என்று பிரியாத ஒரே தடம். மோனோ தட்டில் இசை முழுவதும் முள்ளின் பக்கவாட்டு அசைவில்தான் இருக்கிறது. கார்ட்ரிட்ஜ் என்பது முள்ளின் அசைவை மின்சமிக்ஞையாக மாற்றும் பகுதி. இடம், வலம் என இரு தடங்களைப் படிக்கும் ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜ் மேல்கீழ் அசைவையும் சேர்த்துப் படிப்பதால், இசையே இல்லாத அந்தத் திசையிலிருந்து தூசியின் ஒலியும் தேய்மானத்தின் ஒலியும் வந்து கலக்கின்றன. நான் மோனோ கார்ட்ரிட்ஜுக்கு மாறிய பிறகு பின்னணி இரைச்சல் வெகுவாகக் குறைந்தது. இரு குரல்களும் நடுவில் ஒரே புள்ளியிலிருந்து வந்தபோதும், யார் மைக்குக்கு அருகில் நிற்கிறார், யார் சற்று விலகி நிற்கிறார் என்பது தெளிவாகத் தெரிந்தது. இடவலப் பரப்பு இல்லையே என்று இத்தொகுப்பை ஒதுக்குபவர்கள் இந்த ஆழத்தை ஒருமுறை கேட்க வேண்டும். ஆம்ப்ளிஃபயரில் மோனோ பொத்தான் உள்ளவர்கள், புதிய கார்ட்ரிட்ஜ் வாங்கும் முன் அதை அழுத்திக் கேட்டுப் பார்க்கலாம். பலன் பெருமளவு அதிலேயே கிடைத்துவிடும்.

கால்மணி நேரத்திற்குள் எழுந்து தட்டைத் திருப்ப வேண்டியிருப்பதைச் சிலர் குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு அது இடையூறாகத் தோன்றவில்லை. இந்த இருவரின் பாட்டை வேறு வேலை பார்த்துக்கொண்டே கேட்க எனக்கு என்றுமே மனம் வந்ததில்லை.