புதுப்பிப்பு: எழுத்து ஒன்று, சத்தம் வேறு

கோத்தகிரியில் மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்கு, சத்தத்தோடு ஒத்துப்போகாத ஆங்கில ஸ்பெல்லிங்கை எப்படிச் சொல்லித்தருவது என்று முன்பு கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

நன்றாகப் பலித்தது, எழுதியிருக்கிறபடியே வாய்விட்டுப் படிக்கும் விளையாட்டு. கத்தியைக் குறிக்கும் ‘நைஃப்’ எங்கள் வகுப்பில் ‘க்னைஃப்’, புதன்கிழமை ‘வெட்-நெஸ்-டே’. வீட்டில் படுகு பேசுகிற பிள்ளைகளும் தமிழ் பேசுகிற பிள்ளைகளும் சேர்ந்து விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். எழுதும்போது அந்த எழுத்து விடுபடுவதில்லை. பழைய ஆங்கிலத்தில் அந்த ‘கே’யை உண்மையிலேயே உச்சரித்தார்கள் என்றதும் உற்சாகம் இரட்டிப்பானது. கடனுக்கான ‘டெட்’டில் ‘பி’ ஏன் என்று ஒரு சிறுமி கேட்டாள். லத்தீன் ‘டெபிடும்’ என்ற சொல்லைப் பார்த்துப் படித்தவர்கள் பிற்பாடு நுழைத்தது என்றேன். அவளே மற்றவர்களுக்கு அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்!

அப்புறம், ‘சொன்னான்’ என்பதற்கான ‘செட்’டில் நடுவிலுள்ள ‘ஏ’, ‘ஐ’ மட்டும் சிவப்பு சாக்பீஸில். ‘எஸ்’ஸும் ‘டி’யும் ஒழுங்காகத்தானே ஒலிக்கின்றன, முழு வார்த்தையையும் காட்டி ஏன் பயமுறுத்த வேண்டும்? இம்போசிஷன் கிடையவே கிடையாது.

அடுத்தது ‘த்ரூ’, ‘தோ’, ‘டஃப்’. மூன்றும் ‘ஓ-யு-ஜி-எச்’ என்றே முடியும், சத்தம் மூன்று விதம். இதற்கு ஏதாவது விளையாட்டு வைத்திருந்தால் சொல்லுங்கள்.