இரண்டு இலைக்கு நடுவில்

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அப்பாவை சிங்கப்பூரின் செம்பவாங் பூங்காவுக்குக் கூட்டிப் போனேன். 1960-களில் அவர் வளர்ந்தது அந்தப் பக்கத்துக் கடற்படைத் தளக் குடியிருப்பில்தான். நான் வழக்கம்போல் மேக்ரோ லென்ஸும் ஃபிளாஷுமாகப் படமெடுக்கச் சிலந்திகளை இலை இலையாகத் தேடிக்கொண்டு நடந்தேன். ஒரு மணி நேரமாகியும் ஒன்றும் அகப்படவில்லை. அப்பா ஒரு புதர் முன்னால் நின்று, "இங்க வா, இந்த இலையைப் பாரு" என்றார்.

ஓர் இலையின் மேல் இன்னோர் இலை படிந்து ஒட்டிக் கிடந்தது. காற்றில் மற்ற இலைகள் தனித்தனியாக ஆட, அவை இரண்டு மட்டும் சேர்ந்தே ஆடின. "நடுவுல இருப்பான்" என்றார் அப்பா.

இருந்தான். கால் மணி நேரம் அசையாமல் காத்திருந்த பிறகு இலை விளிம்பில் வந்து நின்றான். கறுத்த உடம்பு, அதில் வெயில் பட்டதும் மின்னும் நீலப்பச்சைப் பட்டை. தியானியா பாமோயென்சிஸ், தாவும் சிலந்திகளில் ஒன்று. 1887-ல் இதை முதலில் விவரித்தபோது பர்மாவின் பாமோ ஊரை வைத்துப் பெயரிட்டார்கள். அப்பாவுக்கு இந்தப் பெயரெல்லாம் தெரியாது. அவருக்கு அது 'ஃபைட்டிங் ஸ்பைடர்'. அந்தக் காலத்துக் கம்பத்துப் (கிராமத்துப்) பையன்கள் எல்லாருக்கும் அப்படித்தான். இரண்டு கையையும் குவித்து இலையோடு பொத்திப் பிடிப்பார்களாம். தீப்பெட்டியில் ஓர் இலைத்துண்டு போட்டு வளர்ப்பார்களாம். இரண்டு ஆண்களை எதிரெதிரே விட்டால் முன்னங்கால்களை விரித்து நின்று முட்டித் தள்ளும்; தோற்றது பின்வாங்கி ஓடிவிடும். இதைச் சொல்லும்போது அப்பாவின் கைகள் தானாகக் குவிந்தன.

எனக்கு அன்று உறைத்தது வேறு. சிலந்தி கண்ணில் படுவதற்கு முன்பே அப்பா அது எந்தச் சிலந்தி என்று கண்டுகொண்டுவிட்டார். இலையே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

அதற்கு இரண்டு வருடம் முன்பு, எங்கள் புளோக் (அடுக்குமாடிக் கட்டடம்) கீழே இருக்கும் செடியிலிருந்து ஒரு குட்டித் தாவும் சிலந்தியை டப்பாவில் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வெள்ளைத் தாளில் விட்டு முகத்தை மட்டும் நாற்பது படம் எடுத்தேன். முன்பக்கத்து நான்கு கண்ணும் கண்ணாடிபோல் விழுந்தன. மறுநாள் அதே செடியில் விட்டுவிட்டேன். பிறகு பெயர் கேட்டு, விஷயம் தெரிந்த ஒருவரிடம் படங்களைக் காட்டினேன். "முதுகு எங்கே? என்ன செடி? கூடு இருந்ததா?" என்றார். என்னிடம் ஒன்றும் இல்லை. முன் நடுவில் இரண்டு பெரிய கண்கள் இருந்ததால் தாவும் சிலந்திக் குடும்பம் என்பது மட்டும் உறுதி. அதற்கு மேல் அந்தப் படங்கள் இன்றுவரை பெயரில்லாமல்தான் கிடக்கின்றன.

இப்போது முதல் படத்தைத் தூரத்திலிருந்துதான் எடுக்கிறேன்: செடி, கூடு, வலை எல்லாம் தெரியும்படி. அப்புறம் முதுகு. முகம் கடைசியில். வலையில் தொங்குவதாக இருந்தால் மறுபக்கம் சுற்றிப் போய் வயிற்றுப் பக்கத்தையும் எடுத்துக்கொள்வேன். இத்தனையும் இருந்தாலும் பல சிலந்திகளில் பேரினத்தோடு (நெருங்கிய இனங்களின் தொகுதியோடு) நின்றுவிட வேண்டியதுதான். இனத்தை உறுதி செய்ய, வளர்ந்த சிலந்தியின் இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். அந்த இடத்தில் ஊகித்து ஒரு பெயரை எழுதிவிடுவது தவறு என்பது என் கருத்து. அடுத்து வருபவர் அதை நம்பிவிடுவார்.

டெய்ரி ஃபார்ம் இயற்கைப் பூங்கா பக்கம் ஒரு கைப்பிடிக் கம்பியில் முசுறு எறும்புகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. இங்கே நாம் மலாய் வழக்கில் கெரெங்கா என்போமே, அதேதான். ஒன்று மட்டும் இன்னோர் எறும்பைக் கவ்விக்கொண்டு போவதுபோல் இருந்தது. லென்ஸ் வழியாகப் பார்த்தபோது கால்களை எண்ணினேன். எட்டு. முன்னங்கால் இரண்டையும் உணர்கொம்புபோல் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தது. முசுறுவைப்போல் வேடமிடும் மிர்மாபிளாட்டா என்ற தாவும் சிலந்தி. நீண்டு துருத்திய தாடைகள் இருந்ததால் ஆண். அந்தத் தாடைதான் கவ்வப்பட்ட எறும்புபோல் தெரிந்திருக்கிறது. சட்டென்று ஒரு நூலை விட்டுக் கீழே இறங்கிவிட்டது. எறும்பு அப்படிச் செய்யாது. அதன் பிறகு முசுறு வரிசையைக் கண்டால் ஓரமாகத் தனியே போகிறவற்றை முதலில் கவனிக்கிறேன்.

காட்டுக்குள் இரவில் எடுக்க முடியாது. புக்கிட் தீமா போன்ற இயற்கை வனப்பகுதிகள் இரவு 7 முதல் காலை 7 வரை மூடியிருக்கும். இரவென்றால் எனக்கு பாசிர் ரிஸ் பூங்காதான். டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்தால் ஓநாய்ச் சிலந்தியின் கண்கள் புல்லில் பனித்துளிபோல் திரும்பி மின்னும்.

வீட்டுக்குள் வருவது பெரும்பாலும் ஹெட்டரோபோடா வெனடோரியா, உள்ளங்கை அகலத்துக்குக் கால் விரிக்கும் அந்தப் பழுப்புச் சிலந்தி. வலை கட்டாது, கரப்பானைப் பிடித்துத் தின்னும். அம்மா அதைக் கண்டாலே துடைப்பத்தை எடுப்பார். "மூத்திரம் பட்டா தடிச்சிடும்" என்பார். ஒருமுறை அவர் கழுத்தில் தீக்காயம்போல் கொப்புளம் வந்தபோது சிலந்திமேல்தான் பழி விழுந்தது. மருத்துவர் பார்த்துவிட்டு வண்டு என்றார். பெடரஸ் என்ற ஒல்லியான கறுப்பு-ஆரஞ்சு வண்டு விளக்கு வெளிச்சத்துக்கு வரும். தோலில் வைத்து நசுக்கினால் அதன் உடல்நீர் பட்ட இடம் புண்ணாகும். படுக்கையறை ஜன்னலோரம் தேடினோம், இரண்டு கிடைத்தன. அடுத்த மாதம் குளியலறைச் சுவரில் வயிற்றுக்கடியில் வட்டமாக முட்டைப்பையைப் பிடித்தபடி ஒரு பெண் சிலந்தி நின்றது. அம்மா துடைப்பத்தை எடுக்கவில்லை. "சீக்கிரம் படம் எடுத்துட்டு வெளிய விட்டுரு" என்றார்.

தரந்துலா என்ற பெரிய, மயிரடர்ந்த சிலந்தியை வளர்க்க ஆசைப்பட்டு என்னிடம் கேட்பவர்கள் உண்டு. சிங்கப்பூரில் அதற்கு அனுமதி இல்லை. பூங்காவிலிருந்து சிலந்தியைப் பிடித்து வருவதற்கும் அனுமதி வேண்டும். நானும் இப்போதெல்லாம் டப்பா கொண்டுபோவதில்லை.

அப்பாவின் கைபேசியில் ஒரு சின்ன மேக்ரோ லென்ஸ் மாட்டிக் கொடுத்திருக்கிறேன். நேற்றுக் காலை ஒரு படம் அனுப்பினார். மங்கலாக இருந்தது, சிலந்தியே இல்லை. ஒட்டிய இரண்டு இலைகள், பின்னால் எங்கள் புளோக் எண். கீழே, "ஞாயித்துக்கிழமை வா. நான் பிரிச்சுப் பாக்கல" என்று எழுதியிருந்தார்.