ரீட் முதலீடு: முதலில் பார்க்க வேண்டியது கணக்கறிக்கையா, வட்டி வீதமா?

உவர்மலையான்:

பலரின் பணத்தைத் திரட்டிக் கட்டடங்களை வாங்கி, வாடகையைப் பகிர்ந்தளிக்கும் அமைப்புகளே ரீட் எனப்படும் ஆதன முதலீட்டு நம்பிக்கைகள். கொழும்புப் பங்குச் சந்தையில் அவற்றைப் பட்டியலிடுவதற்கான விதிகள் 2020 இல் வந்தன. காணியைத் தவிர வேறெதையும் நம்பாத திருகோணமலையிலும் இப்போது இதைப் பற்றிக் கேட்கிறார்கள். இந்தியாவிலும் சிங்கப்பூரிலும் உள்ள உறவினர்கள், அங்குள்ள ரீட்களை வாங்கலாமா என்று நம்மிடம் கருத்துக் கேட்கிறார்கள். வங்கித் தொழிலில் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற வகையில் என் நிலைப்பாட்டை முன்வைக்கிறேன். ரீட் ஒன்றை எடைபோடும்போது பொருளாதார நிலைமையே முதலிடம் பெற வேண்டும். நிறுவனத்தின் கணக்குகள் அதற்குப் பின்னரே வர வேண்டும்.

2022 ஏப்ரலில் நமது மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. அந்த ஆண்டிலேயே திறைசேரி உண்டியல்களின் வட்டி 30 சதவீதத்தைத் தாண்டியது. அரசாங்கப் பத்திரமே அவ்வளவு தரும்போது, 8 சதவீத வாடகை வருமானம் தரும் கட்டடத்தை, அது எவ்வளவு சிறப்பாக நிருவகிக்கப்பட்டாலும், பழைய விலைக்கு எவர் வாங்குவார்? அமெரிக்காவிலும் இதுவே நடந்தது. 2022 இல் அங்குள்ள ரீட்களின் வாடகை வருமானம் மொத்தத்தில் வளர்ந்தது. ஆயினும் வட்டி உயர்வால் அவற்றின் சுட்டெண் ஏறத்தாழ 25 சதவீதம் சரிந்தது. நல்ல கணக்குகள் அந்தச் சரிவைத் தடுக்கவில்லை.

நிலாவெளிக்கரை:

உவர்மலை ஐயாவின் கருத்தை மதிக்கிறேன், ஆனால் உடன்பட முடியவில்லை. பொருளாதாரத்தை முதலில் பார்க்க வேண்டும் என்றால், அதை முன்கூட்டியே அறிய முடிய வேண்டும். 2021 டிசம்பரில் அமெரிக்க மத்திய வங்கியின் அதிகாரிகள் வெளியிட்ட கணிப்புகளின் நடுப்புள்ளி, 2022 இறுதியில் தங்கள் வட்டி வீதம் 0.9 சதவீதமாக இருக்கும் என்றது. அது உண்மையில் 4.25 முதல் 4.50 சதவீதத்தில் போய் நின்றது. வட்டியைத் தீர்மானிக்கும் அதிகாரம் கையில் இருப்பவர்களுக்கே அது புலப்படவில்லை என்றால், உப்புவெளியிலும் உவர்மலையிலும் இருந்துகொண்டு நாம் எதை வைத்துக் கணிப்பது?

ஆண்டறிக்கை அப்படிப்பட்டதல்ல, அதில் உள்ளவற்றை இன்றே படித்துச் சரிபார்க்கலாம். எத்தனை வீதமான இடம் வாடகைக்குப் போயிருக்கிறது, ஒப்பந்தங்கள் எந்தெந்த ஆண்டுகளில் முடிகின்றன, முதல் பத்து வாடகையாளர்கள் யார், கடன் எப்போது முதிர்கிறது என்பவையெல்லாம் அங்கே எழுதப்பட்டிருக்கின்றன. பெருந்தொற்று வந்த 2020 இல் அமெரிக்கப் பொருளாதாரம் எல்லா ரீட்களுக்கும் ஒன்றாகவே இருந்தது. ஆனால் பேரங்காடிகளை வைத்திருந்த சைமன் பிராப்பர்ட்டி தன் பங்கிலாபத்தைக் குறைத்தது; களஞ்சியங்களை வைத்திருந்த புரொலோஜிஸும் தரவு மையங்களை வைத்திருந்த ஈக்வினிக்ஸும் அதே ஆண்டில் உயர்த்தின.

உவர்மலையான்:

தம்பி, நீங்கள் காட்டிய எடுத்துக்காட்டே என் பக்கம் சாய்கிறது. எந்தத் துறை வாழும், எது வாடும் என்பதைத் தீர்மானித்ததும் நாட்டு நிலைமைதான். அதைவிட முக்கியமான ஒன்று ரீட்டின் அமைப்பிலேயே இருக்கிறது. இந்தியாவின் 2014 ஆம் ஆண்டு விதிகளின்படி, பகிர்ந்தளிக்கத்தக்க நிகரப் பணத்தில் குறைந்தது 90 சதவீதத்தை ரீட் தன் அலகுதாரர்களுக்கு, அதாவது அதன் பங்குகள் போன்ற அலகுகளை வாங்கியவர்களுக்கு, கொடுத்துவிட வேண்டும். அமெரிக்காவில் வரிக்குரிய வருமானத்தில் 90 சதவீதம் என்பது விதி. சாதாரண கம்பனி இலாபத்தைச் சேமித்து வைத்துக் கெட்ட காலத்தைக் கடக்கும். ரீட்டின் கையில் அப்படி ஒன்றும் மிஞ்சாது. பழைய கடனை அடைக்கப் புதுக்கடன் வேண்டும் அல்லது புது அலகுகளை விற்க வேண்டும். இரண்டுக்கும் சந்தை திறந்திருக்க வேண்டும்.

ஜெனரல் குரோத் பிராப்பர்ட்டீஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தை நினைத்துப் பாருங்கள். அது நாட்டின் இரண்டாவது பெரிய பேரங்காடி உரிமையாளராக இருந்தது. அதன் அங்காடிகளில் பெரும்பாலான கடைகள் வாடகைக்குப் போயிருந்தன. எனினும் 2008 இல் கடன் சந்தை உறைந்ததால் முதிர்ந்த கடன்களைப் புதுப்பிக்க முடியாமல், 2009 ஏப்ரலில் அது வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது. கடைகள் திறந்திருந்தன, வாடகை வந்துகொண்டிருந்தது, நிறுவனம் மட்டும் விழுந்தது.

நிலாவெளிக்கரை:

ஐயா, அதே ஆண்டில், அதே நாட்டில், அதே பேரங்காடித் தொழிலில் இருந்த சைமன் பிராப்பர்ட்டி விழவில்லை. பங்கிலாபத்தின் பெரும்பகுதியைப் பணமாக அல்லாமல் பங்குகளாகக் கொடுத்துக் கையிருப்பைக் காத்தது. 2010 இல், விழுந்துகிடந்த ஜெனரல் குரோத்தையே விலைக்குக் கேட்டது. பொருளாதாரமே தீர்ப்பு எழுதியிருந்தால் இரண்டும் சேர்ந்து மூழ்கியிருக்க வேண்டும். வேறுபாடு கடனில் இருந்தது: எவ்வளவு கடன், எந்த ஆண்டில் எவ்வளவு முதிர்கிறது என்பதில்.

கற்பனைக் கணக்கு ஒன்றைச் சொல்கிறேன். 100 கோடி ரூபாய் பெறுமதியான கட்டடம் ஆண்டுக்கு 8 கோடி தருகிறது. அதன் மேல் 5 சதவீத வட்டியில் 40 கோடி கடன் இருக்கிறது. வட்டியாக 2 கோடி போக, அலகுதாரர்களுக்கு 6 கோடி மிஞ்சும். வட்டி 8 சதவீதமாக உயரும் ஆண்டில் கடன் முழுவதும் முதிர்ந்தால் வட்டி 3.2 கோடியாகி, மிச்சம் 4.8 கோடிக்கு இறங்கும். வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். அதே கடனில் கால்வாசி மட்டும் அந்த ஆண்டில் முதிர்ந்தால் வட்டி 2.3 கோடி, மிச்சம் 5.7 கோடி. நாடு ஒன்று, வட்டி ஒன்று, கட்டடம் ஒன்று. அலகுதாரருக்குக் கிடைப்பது மட்டும் வேறு. அந்த வேறுபாட்டை நான் கணக்கறிக்கையின் குறிப்புகளில் படிக்கிறேன், செய்தி அறிக்கையில் அல்ல.

மூதூரான் (சிங்கப்பூரிலிருந்து):

நிலாவெளி அண்ணாவின் கணக்கு சரியானது; ஆனால் அதில் கட்டடத்தின் பெறுமதி 100 கோடியிலேயே நிற்கிறது. வாங்குபவர்கள் 8 சதவீத வருமானத்துக்குப் பதிலாக 10 சதவீதம் எதிர்பார்க்கத் தொடங்கினால், அதே 8 கோடி தரும் கட்டடத்தின் மதிப்பு 80 கோடியாகிவிடும். ஒரு ரூபாய் கூடப் புதிதாகக் கடன் வாங்காமலே, கட்டட மதிப்பில் கடனின் பங்கான கடன் விகிதம் 40 இலிருந்து 50 சதவீதத்துக்குப் போய்விடும். அதாவது, நீங்கள் அடிப்படை என்று நம்பும் எண்ணுக்குள்ளேயே பொருளாதாரம் குடியிருக்கிறது.

இங்கே இது கண்முன்னே நடந்தது. அமெரிக்க அலுவலகக் கட்டடங்களை வைத்திருக்கும் மனுலைப் யுஎஸ் ரீட் 2016 இல் சிங்கப்பூரில் பட்டியலிடப்பட்டது. வீட்டிலிருந்து வேலை செய்யும் வழக்கமும் வட்டி உயர்வும் சேர்ந்து கட்டடங்களின் மதிப்பீட்டை இறக்கியபோது, 2023 ஜூலையில் அது கடன் ஒப்பந்த நிபந்தனை ஒன்றை மீறும் நிலைக்கு வந்து, பகிர்ந்தளிப்பையும் நிறுத்தியது. கடன் வரம்பு சொத்து மதிப்பில் 50 சதவீதம், வட்டியைப் போல் குறைந்தது 1.5 மடங்கு வருமானம் என்று சிங்கப்பூர் நாணய ஆணையம் 2024 நவம்பரில் எல்லா ரீட்களுக்கும் ஒரே அளவுகோலை வைத்தது. அந்த வரம்பை ஒட்டி நிற்கும் ரீட்டை, மதிப்பீடுகள் சரியும் காலத்தில் எந்த ஆண்டறிக்கையும் காப்பாற்றாது.

நிலாவெளிக்கரை:

மதிப்பீடு பற்றிய கருத்தை ஏற்கிறேன். அதனால்தான் கடன் விகிதம் 45 சதவீதமாக உள்ள ரீட்டை, நாடு செழித்திருக்கும் காலத்திலும் வாங்கக் கூடாது என்கிறேன். விதி அனுமதிக்கும் அளவு வேறு, தாங்கக்கூடிய அளவு வேறு. மேலும், ஒரே வகைக் கட்டடத்தை ஒரே நாட்டில் மட்டும் வைத்திருப்பதன் ஆபத்து, வட்டி உயருமுன்னரே அறிக்கையில் தெரிந்த ஒன்று.

கிண்ணியாக்கரை:

அண்ணாமார் இருவரிடமும் ஒரு கேள்வி. நமது கிழக்குக் கரை ஹோட்டல்களை வைத்து நாளை ஒரு ரீட் வந்தால், இந்த வாதம் எப்படிப் பொருந்தும்? இங்கே சுற்றுலாப் பருவம் சித்திரையில் தொடங்கிப் புரட்டாதியோடு முடிகிறது. 2019 இல் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல் அந்தப் பருவத்தின் வாசலில் நிகழ்ந்தது. நிலாவெளி விடுதிகளின் அறைகள் வெறுமையானதற்கு எந்த முகாமையாளரைக் குறை சொல்வது?

உவர்மலையான்:

தங்கை, ஹோட்டல்தான் என் வாதத்துக்கு மிகவும் வலுவான சான்று. அலுவலகக் கட்டடத்தில் பத்தாண்டு ஒப்பந்தம் இருக்கும். ஹோட்டலில் ஒவ்வோர் அறைக்கும் ஓர் இரவு ஒப்பந்தம்தான். பணவீக்கம் வந்தால் நாளைக்கே வாடகையை உயர்த்தலாம் என்பது அதன் நன்மை; விருந்தினர் வராவிட்டால் நாளைக்கே வருமானம் நின்றுவிடும் என்பது அதன் கேடு. அப்படி ஒரு ரீட் வந்தால், அதன் எதிர்பார்க்கப்படும் பகிர்ந்தளிப்பு திறைசேரி உண்டியல் வட்டியை விடப் பல புள்ளிகள் அதிகமாக இல்லாதவரை நான் வாங்க மாட்டேன். அந்த இடைவெளியைப் பார்த்த பிறகுதான் ஆண்டறிக்கையைத் திறப்பேன்.

நிலாவெளிக்கரை:

நான் எதிர்ப்பக்கத்திலிருந்தே தொடங்குவேன். அந்த ரீட் ஹோட்டலைத் தானே நடத்தி ஏற்ற இறக்கம் முழுவதையும் சுமக்கிறதா, நடத்துநரிடம் நிரந்தரக் குறைந்தபட்ச வாடகையும் அதற்கு மேல் விற்பனையில் ஒரு பங்கும் பெறுகிறதா என்று முதலில் கேட்பேன். குறைந்தபட்ச வாடகை இருந்தால், வெறுமையான ஒரு பருவத்தைத் தாங்கி அதைச் செலுத்தும் பலம் நடத்துநருக்கு உண்டா என்று அவருடைய கணக்கையும் கேட்பேன். பிறகு, கடன் தவணைகள் கடல் கொந்தளிக்கும் கார்த்திகை, மார்கழி மாதங்களில் விழுகின்றனவா, பணம் கையில் இருக்கும் ஆவணி, புரட்டாதியில் விழுகின்றனவா என்று பார்ப்பேன். இவற்றுக்கு நல்ல விடை கிடைத்த பிறகு ஐயா சொல்லும் இடைவெளியைக் கணக்கிடுவதில் எனக்கு மறுப்பில்லை. விடை கிடைக்காவிட்டால், எத்தனை புள்ளி இடைவெளி கொடுத்தாலும் வாங்க மாட்டேன்.